சூடு பட்டா கையை இழுக்குறது மூளையா, தண்டுவடமா?

பாளை மாப்ள:
நேத்து டவுன்ல அல்வா கிண்டுத எடத்துல நின்னேன், மாஸ்டர் கை சட்டி விளிம்புல பட்டுட்டு, படவும் கை வெளிய வந்துட்டு, அதுக்குப் பொறவுதான் "ஸ்ஸ்"னு சத்தமே வந்துச்சி. கூட நின்னவன் மூளை என்ன ஸ்பீடுன்னு ஆச்சரியப்பட்டான். அதுல மூளைக்கு வேலையே இல்ல, தண்டுவடம்தான் இழுத்துச்சின்னு நான் சொல்லுதேன். நீங்க என்ன சொல்லுதிய?

டவுன்காரன்:
வேலையே இல்லன்னு எப்படி வே சொல்லுத? எங்க சித்தப்பா வருஷா வருஷம் பூக்குழி இறங்குதாவ. தண்டுவடம்தான் முடிவு பண்ணுதுன்னா முத அடியிலயே காலு தானா பின்னால வந்துருக்கணும்லா? மனசு போன்னு சொல்லுது, காலு போவுது.

அம்பை வாத்தியார்:
பாளை தம்பி சொல்லுததுதான் சரி. தோல்ல இருக்க நரம்பு முனையில டிஆர்பிவி1னு ஒரு புரதம், கிட்டத்தட்ட 43 டிகிரிக்கு மேல சூடு பட்டா கதவு மாதிரி திறந்துக்கிடும். மிளகாய் காரமும் இதே கதவத்தான் திறக்கும், அதான் நாக்கு எரியுது. இதக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021ல நோபல் குடுத்தாவ. அங்க கிளம்புத சேதி தண்டுவடத்துக்குப் போயி, அங்கயே திரும்பி தசைக்கு வந்துரும், மூளைக்கு அதோட நகல் கொஞ்சம் பிந்திப் போவும். முதல்ல சுரீர்னு ஒரு வலி, கொஞ்சம் கழிச்சி எரிச்சல் வருதுல்லா, அது ரெண்டும் வேற வேற நரம்பு. சுரீர்னு வாரது செகண்டுக்கு 5லருந்து 30 மீட்டர் போவும், எரிச்சலக் கொண்டுவாரது 2 மீட்டர் கூடத் தாண்டாது. பூக்குழியில சாம்பலும் கரியும் சூட்ட மெதுவாத்தான் கடத்தும், காலும் ஒரு எடத்துல நிக்காது.

டவுன்காரன்:
சார், கொதிக்க கொதிக்க டீ டம்ளர கீழ போடாம மேசை வரைக்கும் கொண்டு போறோமே, அது யாரு பிடிக்கச் சொல்லுதது?

அம்பை வாத்தியார்:
அது மூளைதான், ஒத்துக்கிடுதேன். மேலருந்து தண்டுவடத்த அடக்கும்.

பாளை மாப்ள:
அடக்கும், ஆனா இழுக்கதுக்கு அது தேவையில்ல வே. மூளைய எடுத்த தவளை மேல ஆசிட் தொட்டு வச்சாலும் கால வச்சி தொடச்சி விடும், பழைய சோதனை அது.

களக்காடு அக்கா:
ரெண்டு பேரும் ஒண்ண விட்டுட்டிய. எங்க அம்மைக்கு சுகர் வந்து 18 வருஷம் ஆச்சி. போன சித்திரையில மத்தியானம் கோயில் கல்லுல வெறுங்காலோட பிரகாரம் சுத்திட்டு சாதாரணமா வீட்டுக்கு வந்தாவ. ராத்திரி கால் கழுவும்போது பாத்தா உள்ளங்கால் தோலு வழண்டு கையோட வருது, அம்மை "என்னட்டி பாக்க?"ங்காவ. மூளையும் நல்லாத்தான் இருக்கு, தண்டுவடமும் இருக்கு, காலுல இருந்து சேதி கிளம்பவே இல்ல.

அம்பை வாத்தியார்:
ஆமாம்மா, சுகர்னால நரம்பு கெடும்போது நீளமான நரம்புதான் முதல்ல கெடும், அதான் பாதத்துல ஆரம்பிக்கும். நைலான் நூல வச்சி அமுக்கிப் பாக்க சோதனை இருக்கு, 10 கிராம் அழுத்தம் தெரியலன்னா உணர்ச்சி போயிட்டுன்னு அர்த்தம், கண்டிப்பா பாத்துருங்க.

டவுன்காரன்:
அக்கா, அம்மைக்கு இப்ப எப்படி இருக்கு?

களக்காடு அக்கா:
ஆறுததுக்கு மூணு மாசம் ஆச்சி தம்பி. இப்ப தெனமும் படுக்கதுக்கு முன்னால டார்ச் அடிச்சி உள்ளங்கால பாத்துருதேன்.