கோலாலம்பூர் செந்தூல் புத்தக வட்டம்: அடுத்து எந்தப் புத்தகம்?

*மங்கை டீச்சர்:* வணக்கம். அடுத்த மூனு புத்தகமும் பொம்பளைங்க எழுதினதா, நடந்த விஷயமா இருக்கட்டும். நாவல் வேணாம். பேரை மட்டும் போட்டுட்டுப் போயிடாதீங்க. எந்தப் பதிப்பு, வாசிக்கறப்ப எந்த இடத்துல தடுக்கும்னும் சொல்லுங்க.

*சரோ அக்கா:* சிபில் கார்த்திகேசு, "நோ டிராம் ஆஃப் மெர்சி". இதுல பேச்சே இல்ல.

*கவிதா:* இங்கிலீஷாச்சே கா, ராஜம் அத்தைக்கு ஒத்துவருமா?

*ராஜம் அத்தை:* உன் இங்கிலீஷை விட என் இங்கிலீஷ் நல்லாத்தான் இருக்கும் லா 😄

*சரோ அக்கா:* 😂 எளிய இங்கிலீஷ்தான். நர்ஸ், மருத்துவச்சி எழுதினது. மருந்து, காயம், கட்டுன்னு நேரா பேசும். ஜப்பான்காரன் காலத்துல பேராக் பாப்பான்ல கிளினிக் வெச்சு, காட்டுல ஒளிஞ்சிருந்து ஜப்பானை எதிர்த்த கெரில்லாப் போராளிகளுக்கு ரகசியமா வைத்தியம் பார்த்தாங்க. ஒளிச்சு வெச்ச ரேடியோவுல பிபிசி கேட்டாங்க. அந்த ரேடியோவுக்கு ஜோசஃபின்னு ஒரு பேரு வேற. 1943ல பிடிபட்டாங்க.

*சரோ அக்கா:* முதல் பாதி மெதுவாப் போகும். யார் வந்தா, என்ன வைத்தியம், எப்படித் திரும்பிப் போனான்னு. நிறைய பேர் இங்கதான் மூடி வெச்சிடுவாங்க. தாண்டாதீங்க. பின்னாடி ஜப்பான் ராணுவப் போலீசு கெம்பெத்தாய் அடிச்சுக் கேக்கறது அத்தனையும் இந்த விவரத்தைத்தான். தெரிஞ்சு வெச்சிருந்தாத்தான் அவங்க எதை மறைக்கிறாங்கன்னு புரியும்.

*மங்கை டீச்சர்:* சின்ன மகளை மரத்துல தொங்கவிட்டு மிரட்டற இடம் இருக்கு. அதை முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிடணும். இருநூத்துச் சொச்சம் பக்கம். வாரம் 50 பக்கம் போதும், அந்தப் பகுதி வர்ற வாரம் 30.

*குமரன்:* பதிப்பு டீச்சர்?

*மங்கை டீச்சர்:* முதல்ல வந்தது 1954ல. அவங்க இறந்தது 1948ல, பிரிட்டிஷ் வீரப் பதக்கமான ஜார்ஜ் மெடல் வாங்கின கொஞ்ச மாசத்துல. 1983 ஆக்ஸ்போர்டு பதிப்புல வரலாற்றாசிரியர் சியா பூன் கெங் முன்னுரை இருக்கு, பழைய புத்தகக் கடையில பார்த்தா விடாதீங்க. முன்னுரையைக் கடைசியில வாசிங்க. தேசிய நூலகத்துல மலேசியானா தொகுப்புல கிடைச்சா அங்கயே உக்காந்துதான் வாசிக்கணும், வீட்டுக்குத் தரமாட்டாங்க.

*கவிதா:* நேதாஜியோட பெண்கள் படை, ஜான்சி ராணி படை பத்தி ஏதாச்சும் எடுக்கலாமா?

*குமரன்:* கேப்டன் லட்சுமி சேகலோட நினைவுக்குறிப்பு இருக்கு, "எ ரெவல்யூஷனரி லைஃப்", 1997.

*சரோ அக்கா:* நல்ல புத்தகம் தம்பி. ஆனா அது தளபதி நாற்காலியிலேர்ந்து பார்த்தது. படையில சேர்ந்தவங்கள்ல நிறைய பேர் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டின பொண்ணுங்க. அவங்க பக்கம் அதுல கொஞ்சம்தான் வரும்.

*குமரன்:* அப்ப அதே படையில இருந்த ராசம்மா பூபாலன் புத்தகம்? "ஃபுட்பிரிண்ட்ஸ் ஆன் தி சேண்ட்ஸ் ஆஃப் டைம்".

*மங்கை டீச்சர்:* அது அவங்களே எழுதினதில்ல. அருணா கோபிநாத் எழுதின வாழ்க்கை வரலாறு, 2007. படை அனுபவத்தோட நிறுத்திடாதீங்க. 1960ல பெண் ஆசிரியர் சங்கம் ஆரம்பிச்சு சம சம்பளத்துக்குப் போராடின பகுதியும் இருக்கு. பேசறதுக்கு அதுலதான் நிறைய விஷயம்.

*சரோ அக்கா:* தோட்டத்துப் பொண்ணுங்க பக்கம் வேணும்னா அருணிமா தத்தா, "ஃப்ளீட்டிங் ஏஜென்சீஸ்", கேம்பிரிட்ஜ், 2021. மலாயா தோட்டத்துப் பெண் கூலிகளோட சமூக வரலாறு. அவங்க கைப்பட எழுதி வெச்சது கிடைக்காததால கோர்ட் வழக்கு, அதிகாரிங்க கடிதம் எல்லாத்தையும் தோண்டி எடுத்திருக்காங்க. "என் பொண்டாட்டியை இன்னொருத்தன் கூட்டிட்டுப் போயிட்டான்"னு புருஷன்மார் போட்ட வழக்கு வரும். துரை, கங்காணி எல்லாம் பொண்ணை அப்பாவின்னோ கெட்டவள்னோ எழுதி வெச்சிருப்பான். அதே காகிதத்துல, அவ யோசிச்சு எடுத்த முடிவு எங்க தெரியுதுன்னு காட்டறாங்க. ஜான்சி ராணி படையும் இதுல வருது.

*கவிதா:* ஐயோ, ஆராய்ச்சிப் புத்தகமா? 😬

*சரோ அக்கா:* முன்னுரையில கோட்பாட்டுப் பேச்சு. அதைத் தாண்டி நேரா வழக்கு வர்ற அத்தியாயத்துக்குப் போ. விலையும் கூடுதல். ஒரே பிரதி வாங்கிக் கை மாத்தலாம்.

*ராஜம் அத்தை:* தமிழ்ல ஒன்னுமே சொல்லல யாரும்.

*குமரன்:* பாமா, "கருக்கு", 1992. மெல்லிய புத்தகம் அத்தை. தலித் கிறிஸ்தவக் குடும்பம், ஊரு, கன்னியர் மடத்துல சேர்ந்து வெளிய வந்தது வரைக்கும். பொறந்ததிலேர்ந்து வரிசையா வராது. விளையாட்டு, வேலை, சாமின்னு தலைப்புத் தலைப்பா சுத்திச் சுத்தி வரும். வருஷம் தேடினா குழம்பும்.

*மங்கை டீச்சர்:* அந்த ஊர்ப் பேச்சு நம்ம பிள்ளைங்களுக்கு முதல் பத்துப் பக்கம் தடுக்கும். கண்ணால வாசிக்காம வாய்விட்டு வாசிங்க, காதுக்குப் பிடிபட்டுடும். ஆர்டர் போடறப்ப கவனம், ஆங்கிலப் பதிப்புக்கும் அதே தலைப்புதான். அட்டையில லட்சுமி ஹோம்ஸ்ட்ரம் பேர் இருந்தா அது மொழிபெயர்ப்பு.

*கவிதா:* விடுதலைப் புலிகள் இயக்கத்துல இருந்த தமிழினியோட "ஒரு கூர்வாளின் நிழலில்"?

*மங்கை டீச்சர்:* வாசிக்க வேண்டியதுதான். 2015ல அவங்க இறந்த பிறகு 2016ல காலச்சுவடு போட்டது. அதைச் சுத்தி விவாதம் நிறைய நடந்துச்சு. ஒரு கூட்டம் பத்தாது, அடுத்த சுற்றுக்கு வைப்போம்.

*குமரன்:* யார்கிட்டயோ கருக்கு பிடிஎஃப் இருக்குன்னு...

*சரோ அக்கா:* பிடிஎஃப் பேச்சே வேணாம் தம்பி. எழுதினவங்க நம்ம காலத்து ஆளு, காசு குடுத்து வாங்கு.

*ராஜம் அத்தை:* ரிசிட்டை எடுத்து வைங்க எல்லாரும். வருமான வரியில லைஃப்ஸ்டைல் கழிவு 2,500 வெள்ளி (ரிங்கிட்), புத்தகமும் அதுல சேரும். ஏழு வருஷம் வெச்சிருக்கணும். கைப்பேசி, இண்டர்நெட் பில்லும் அதே கட்டம்தான், புதுப் போன் வாங்கின வருஷம் இடமே இருக்காது.

*மங்கை டீச்சர்:* சரி. முதல் மாசம் கருக்கு, ரெண்டாவது சிபில், மூனாவது தத்தா. கருக்கு தமிழ்ப் பிரதி யார் யாருக்கு வேணும்? சேர்த்து வரவழைச்சா தபால் செலவு குறையும். வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் குடுங்க.

*ராஜம் அத்தை:* எனக்கு ரெண்டு. எழுத்து பெருசா இருக்கற பதிப்பான்னு கேட்டுட்டு வாங்குங்க.

*கவிதா:* +1

*குமரன்:* +1, தமிழ்ல 👍