மூன்றாம் தரப்புக் குக்கி போனால் வாடிக்கையாளரின் அந்தரங்கம் காக்கப்படுமா?

பூசைக்கடைக்காரர், ரோஸ் ஹில்:
மொரீசியசில் காவடிக்கான துணி, கற்பூரம், பால்குடம் முதலியவற்றை இணையத்தில் விற்கிறேன். தைப்பூசத்திற்கு முந்தைய சில வாரங்களே எங்களுக்கு வியாபாரப் பருவம். விளம்பர முகவர் ஒருவர், மூன்றாம் தரப்புக் குக்கிகளின் (நாம் பார்க்கும் தளம் அல்லாமல் வேறொரு நிறுவனம் நம் உலாவியில் இடும் சிறு அடையாளக் கோப்புகளின்) காலம் முடிந்துவிட்டதாகவும், இனி என் வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் பட்டியலை, முகவரி வெளிப்படையாகத் தெரியாத குறியீடாக மாற்றிக் கூகுள் போன்ற பெருந்தளம் ஒன்றிடம் கொடுத்தால் அவர்களையும் அவர்களை ஒத்தவர்களையும் அது தேடித் தரும் என்றும் சொல்கிறார். குக்கி ஒருவரைத் தளம் தளமாகப் பின்தொடர்ந்தது. இதுவோ என்னிடம் வாங்கியவர்களின் பட்டியல் மட்டுமே. ஆகவே அந்தரங்கத்திற்கு இது முன்னதைவிட நல்லது என்றே கருதுகிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

எபேன் நிரலாளர்:
மறுக்கிறேன், ஐயா. முதலில், அந்தக் காலம் முடியவில்லை. 2020 ஜனவரியில், இரண்டாண்டுகளுக்குள் குரோம் உலாவியிலிருந்து இவற்றை நீக்குவதாக அறிவித்த கூகுள், பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. முழுமையாகத் தடுத்தது ஆப்பிளின் சஃபாரி உலாவிதான், 2020 மார்ச்சில்.

முக்கியமானது குறியீடு பற்றிய செய்தி. ஒரு மின்னஞ்சல் முகவரியை எஸ்எச்ஏ-256 என்னும் குறியீட்டு முறையில் எங்கே மாற்றினாலும் ஒரே குறியீடுதான் வரும். பெருந்தளத்திடம் அதே முகவரி ஏற்கெனவே இருப்பதால் இரண்டும் பொருந்திவிடும். பொருந்துவதற்காகவே அதை அனுப்பச் சொல்கிறார்கள். இப்படி மாற்றிய தரவு பெயர் அறியப்படாத தரவு ஆகிவிடாது என்று அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையமும் 2024 ஜூலையில் தெளிவாகவே எழுதியது. குக்கியை ஒரு நொடியில் அழித்துவிடலாம். பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் மின்னஞ்சல் முகவரியை யாரால் மாற்றிக்கொள்ள முடியும்?

மோக்கா ஆசிரியை:
இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். செருப்புக் கடையின் பட்டியல் வெளியே போனால் ஒருவர் செருப்பு வாங்கினார் என்பது மட்டுமே தெரியும். காவடிப் பொருள் வாங்கியவர்களின் பட்டியலோ, அவர் எந்தச் சமயத்தவர், எந்தச் சமூகத்தவர் என்பதைச் சொல்லிவிடும். நம் நாட்டின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சமய நம்பிக்கையையும் இனப் பின்னணியையும் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தரவு வகைகளில் சேர்த்திருக்கிறது. ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம் பேர் வாழும் இத்தீவில், ஊரும் வயதும் சமயமும் ஒன்றாகச் சேர்ந்தால் எஞ்சும் கூட்டம் மிகச் சிறியது.

பூசைக்கடைக்காரர், ரோஸ் ஹில்:
அம்மா, முகவரியை அவர்கள் தாமே தந்தார்கள். நான் யாரையும் ஒற்றுப் பார்க்கவில்லை. பெரிய நிறுவனங்களிடம் பல கோடிப் பேரின் தரவு இருக்கிறது. குக்கிகளை நீக்கினால் கூகுளின் பிடி மேலும் இறுகும் என்று பிரிட்டனின் போட்டி ஆணையமே கவலைப்பட்டு அத்திட்டத்தைக் கண்காணித்தது. சிறு வியாபாரியின் கையிலிருக்கும் ஒரே கருவியையும் பறித்துவிட்டால் அந்தரங்கம் என்ற பெயரால் வளர்வது ஏகபோகம்தான்.

மோக்கா ஆசிரியை:
ஏகபோகம் பற்றிய உங்கள் அச்சம் மெய்யானது. ஆனால் அதே பெருந்தளத்திடம் உங்கள் பட்டியலையும் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் பிடியை எவ்வாறு தளர்த்தும்? பொருளை வீட்டில் சேர்ப்பதற்காகத் தந்த முகவரியை விளம்பரத்திற்குத் திருப்புவதற்கு அவர்களிடம் தனியாகக் கேட்டீர்களா? வாங்கியதாலேயே அந்த ஒப்புதல் கிடைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

எபேன் நிரலாளர்:
ஆளைப் பார்க்காமல் பக்கத்தைப் பார்த்து விளம்பரம் இடும் வழி ஒன்று உண்டு. விரதச் சமையல் பற்றிய பக்கத்தில் உங்கள் விளம்பரம் வந்தால் படிப்பவர் யார் என்பதை எவரும் அறிய வேண்டியதில்லை. நெதர்லாந்தின் பொது ஒளிபரப்பு விளம்பர நிறுவனமான ஸ்டெர் 2020இல் குக்கிகளைக் கைவிட்டு இந்த முறைக்கு மாறியது. அவ்வாண்டின் தொடக்க மாதங்களில் அதன் வருவாய் கூடவே செய்தது.

பூசைக்கடைக்காரர், ரோஸ் ஹில்:
அது ஒரு நாட்டின் பொது ஒளிபரப்பு. மொரீசியசில் விரதச் சமையல் பற்றி எழுதும் பக்கங்கள் எத்தனை? எந்த விளம்பரத்தால் எந்த விற்பனை நடந்தது என்று தெரியாமல் எத்தனை நாள் பணம் செலவிடுவது?

எபேன் நிரலாளர்:
பக்கங்கள் குறைவு என்பதை ஏற்கிறேன். இங்கே அந்த முறை முழு ஈடாகாது. ஆனால் விளம்பரத்தின் பலனை அளப்பதற்கு ஆளைப் பின்தொடரத் தேவையில்லை. ஒவ்வொரு விளம்பரத்திற்கும் வேறு வேறு தள்ளுபடிக் குறியீடு கொடுங்கள். எது எத்தனை முறை வந்தது என்று எண்ணினால் போதும். யார் என்று காட்டாமல் விற்பனைக் கணக்கை உலாவியே மொத்தமாகத் தரும் முறைகளும் முயலப்பட்டன. ஆர்வத் தலைப்புகளை உலாவிக்குள்ளேயே கணித்த கூகுளின் டாபிக்ஸ், சமயம் போன்ற நுண்ணிய தலைப்புகளைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. 2025 அக்டோபரில் அதையும் நிறுத்துவதாக அறிவித்ததில் எனக்கு வருத்தமே.

பூசைக்கடைக்காரர், ரோஸ் ஹில்:
தள்ளுபடிக் குறியீட்டை இந்தத் தைப்பூசத்திற்குச் செய்து பார்க்கிறேன். பட்டியலை இப்போது அனுப்ப மாட்டேன். விளம்பரத்திற்குச் சம்மதமா என்று பணம் செலுத்தும் பக்கத்தில் குறியிடாத பெட்டியாகக் கேட்டு, சம்மதித்தவர்களின் முகவரிகளை மட்டும் அனுப்புவேன். வாங்குபவர் தெரிந்து தரும் சம்மதத்தையும் நீங்கள் தவறென்றால் அதை நான் ஏற்கமாட்டேன்.

மோக்கா ஆசிரியை:
தவறென்று சொல்லமாட்டேன், ஐயா. அந்தப் பெட்டிக்கு அருகில், முகவரி எந்த நிறுவனத்திற்குப் போகிறது என்பதைப் பெயரோடு எழுதுங்கள். பிறகு வேண்டாம் என்பவர்களுக்கு, சம்மதிக்கும்போது இருந்த அதே எளிமையோடு விலகும் வழியையும் கொடுங்கள்.