ஸ்பின்லாக்: ‘சுழல் பூட்டு’ அன்று, ‘உறங்காப் பூட்டு’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஒரே தரவைப் பல செயலிகள் ஒரே நேரத்தில் மாற்றிவிடாதபடி காக்கும் பூட்டுகளில் ஒன்றான ஸ்பின்லாக் (spinlock) என்ற கணினிச் சொல்லுக்கு, நம் கலைச்சொல் குழுவில் முன்மொழியப்பட்டுள்ள ‘சுழல் பூட்டு’ எனக்கு உடன்பாடில்லை. காரைக்குடி மாலை வகுப்பில் அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதியபோது, தன் ஐயா வீட்டு முகப்புக் கதவில் சாவியை இரண்டு சுற்றுச் சுற்றித் திறக்கும் பழைய பூட்டே நினைவுக்கு வந்ததாக ஒரு மாணவி சொன்னார்.

லினக்ஸ் இயக்குதளத்தின் கருவான கர்னலில் சேர்க்கும் நிரல்துண்டை, அதாவது மாட்யூலை, எழுதுபவர் முதலில் அறிய வேண்டியது, பூட்டுக்காகக் காத்திருக்கையில் உறங்கலாமா கூடாதா என்பதே. மியூட்டெக்ஸ் என்ற மற்றொரு வகைப் பூட்டு கிடைக்காத பணி உறங்கிவிடும், அதாவது ஓடாமல் ஒதுங்கி நிற்கும். செயலி வேறு பணியைப் பார்க்கும். ஸ்பின்லாக் கிடைக்காத செயலியோ, கிடைக்கும்வரை திரும்பத் திரும்பச் சோதித்தபடி விழித்தே நிற்கும். ஆகவே அதைப் பிடித்திருப்பவரும் உறங்கக் கூடாது.

நினைவகத்திலும் இதே பிரிவுதான். கர்னலுக்குள் நினைவகம் ஒதுக்கித் தரும் கேமல்லாக் என்ற செயற்கூற்றிடம் ‘ஜிஎஃப்பி கர்னல்’ என்ற குறியோடு கேட்டால், நினைவகம் குறைந்திருக்கும் வேளையில், பிற பக்கங்கள் மீட்கப்படும்வரை கேட்ட பணி உறங்க நேரிடலாம். ‘ஜிஎஃப்பி அட்டாமிக்’ என்று கேட்டால் உறக்கம் இல்லை, இடமில்லாவிடில் உடனே இல்லையென்று சொல்லிவிடும். அந்த மாணவியின் மாட்யூல் ஸ்பின்லாக்கைப் பிடித்தபடியே முதற்குறியோடு நினைவகம் கேட்டது. நான்கு நாள் பழுதின்றி ஓடி, ஐந்தாம் நாள் பெரிய கோப்பொன்றைப் படியெடுக்கும்போது ‘ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்’ (உறங்கக் கூடாத இடத்தில் உறங்க முயன்றது) என்று பதிவில் எழுதிவிட்டுக் கணினி உறைந்தது.

எனவே ‘உறங்காப் பூட்டு’, ‘உறங்கா ஒதுக்கீடு’ என்ற இணையையும், எதிர்ப்பக்கத்துக்கு ‘உறங்கு பூட்டு’, ‘உறங்கு ஒதுக்கீடு’ என்பவற்றையும் முன்வைக்கிறேன். உறங்காப் பூட்டுக்குள் உறங்கா ஒதுக்கீடே செல்லும் என்ற விதி சொற்களிலேயே தெரிகிறது; ‘அட்டாமிக்’ என்பதை நேராகப் பெயர்த்த ‘அணு ஒதுக்கீடு’ அதைத் தராது. உறங்காதது பூட்டா என்று கேட்பவர்கள் ‘உண்ணாநோன்பு’ என்ற சொல்லை எண்ணிப் பார்க்கட்டும்; உண்ணாதிருப்பவர் நோற்பவர்தானே.

‘ஒதுக்கீடு’ இடஒதுக்கீட்டை நினைவூட்டுகிறது என்ற தடை எனக்குப் பெரிதாகப் படவில்லை. எங்கள் பக்கத்தில் மணமான மகனை வேறு வைக்கும்போது, வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தை, சுற்றியுள்ள அறைகளில் ஒன்றை அந்தப் புள்ளிக்கு, அதாவது அந்தத் தனிக்குடும்பத்துக்கு, ஒதுக்குவது வழக்கம். கர்னல் நினைவகமும் அப்படியே. வாங்கிய நினைவகத்தை விடுவிக்கும் கேஃப்ரீ என்ற செயற்கூற்றால் திருப்பித் தராமல் மாட்யூலை நீக்கினால், அந்த நினைவகம், வெளியூர் போனவர் சாவியையும் கொண்டுபோய்விட்ட அறையைப்போல, மறுதொடக்கம்வரை யாருக்கும் பயன்படாமல் கிடக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. 2024 நவம்பரில் வெளிவந்த லினக்ஸ் 6.12 முதல், அவசரப் பணிகளுக்குக் குறித்த நேரத்துக்குள் செயலி கிடைக்கச் செய்யும் நிகழ்நேர வசதி முதன்மைக் கர்னலிலேயே கிடைக்கிறது. அதை இயக்கினால் சாதாரண ஸ்பின்லாக்கும் உறங்கத்தக்கதாகிவிடுகிறது, ரா ஸ்பின்லாக் என்ற தனிவகை மட்டுமே விழித்திருக்கும். அங்கே ‘சுழல்’ என்பதும் பொருந்தாது என்றாலும், நம் சொல்லுக்கு இது தடையே. ரா ஸ்பின்லாக்கை ‘முற்றுறங்காப் பூட்டு’ என்று அடைகொடுத்துப் பிரிக்கலாம் என நினைக்கிறேன். ஓசை இன்னும் இணங்கவில்லை. இதைவிட நல்ல அடைமொழி தோன்றினால் எழுதுங்கள்.