பழைய வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கிராபிக்ஸ் கார்டு போட்ட அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்க

கரூர்க்காரன்:

எங்க வீட்டுல இருக்கிறது டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010. ஆபீஸ்ல கழிச்ச பெட்டி, சின்ன சைஸ். ஐ5-3470 பிராசஸர், 4 ஜிபி ராம். கொரோனா காலத்துல மூத்தவளோட ஆன்லைன் வகுப்பு முழுக்க இதுலதான் ஓடிச்சு. இப்போ சின்னவன் ஒன்பதாவது படிக்கிறான். வீடியோ எடிட்டிங் கத்துக்கணும், லீவு நாள்ல ஜிடிஏ 5 ஆடணும்னு ஆசை. "புதுசு வேண்டாம்ப்பா, ஒரு கார்டு மட்டும் போட்டுக் குடுங்க"ன்னு கேட்டான். என்னால 5,000 ரூபாய்தான் ஒதுக்க முடிஞ்சது.

தெரிஞ்சவங்க எல்லாரும் என்விடியா கம்பெனியோட ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டை வாங்கச் சொன்னாங்க. வாங்கறதுக்கு முன்னாடி மூடியைக் கழட்டி பவர் சப்ளை ஸ்டிக்கரைப் பார்த்தேன். மொத்தமே 240 வாட். கார்டுக்குத் தனியா கரண்ட் குடுக்கிற 6 பின் வயரும் இல்லை. கார்டைச் சொருகுற ஸ்லாட்டு மட்டும் அதிகபட்சம் 75 வாட் குடுக்கும். 1050 டிஐ கேக்கறதும் சரியா அதே 75 வாட். பத்து வருஷம் ஓடின சப்ளையை அந்த விளிம்புல நிறுத்த எனக்கு மனசு வரலை. அதனால 30 வாட்ல ஓடுற ஜிடி 1030-னு முடிவு பண்ணினேன்.

ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனப்போ அப்படியே கம்ப்யூட்டர் சாமான் கடைங்க இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் போனேன். இங்கதான் எல்லாரும் கவனிக்கணும். ஜிடி 1030-ங்கிற ஒரே பேர்ல ரெண்டு கார்டு இருக்கு. 2017-ல வந்தது ஜிடிடிஆர்5-ங்கிற வேக மெமரி, நொடிக்கு 48 ஜிபி டேட்டா நகர்த்தும். 2018-ல டிடிஆர்4 போட்டு விட்டாங்க, அது வெறும் 16.8 ஜிபி. அட்டைப்பெட்டியில அந்த எழுத்து பொடியாத்தான் இருக்கும். கடைக்காரர் முதல்ல எடுத்து வச்சது டிடிஆர்4. "அண்ணே, ஜிடிடிஆர்5 இருந்தா குடுங்க"ன்னேன். ஒரு வார்த்தை பேசாம உள்ளே போய் ஒரு செகண்ட் ஹேண்ட் கார்டு கொண்டு வந்தார். மிஷின்ல போட்டு ஓட்டியும் காட்டினார். கூட 600 ரூபாய் ஆச்சு, ஆனா மனசுக்கு நிம்மதி.

கார்டைப் பெட்டியோட பின்பக்கம் பிடிச்சு நிறுத்துற உலோகப் பட்டி, எங்க பெட்டிக்குப் பாதி உயரத்துலதான் சேரும். நல்லவேளையா அதையும் கூடவே குடுத்தார். மானிட்டர் வயர் சொருகுற டிவிஐ போர்ட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற ஆறுமூலை நட்டைக் கழட்டினா நீளப் பட்டி வந்துடும், சின்னதை வச்சு அதே நட்டைத் திரும்பப் போடணும். நட்டு ரொம்பச் சின்னது. கீழே ஒரு வெள்ளைத் துணியை விரிச்சுக்கிட்டு செய்யுங்க.

வீட்டுக்கு வந்து மாட்டினப்புறம்தான் மானிட்டர் ஞாபகம் வந்தது. அதுல பழைய நீல விஜிஏ போர்ட் மட்டும்தான் இருக்கு. 80 ரூபாய்க்கு டிவிஐ-விஜிஏ அடாப்டர் வாங்கிச் சொருகினேன், ஏறவே இல்லை. உத்துப் பார்த்தா, அடாப்டர்ல தட்டையான பின்னைச் சுத்தி நாலு குட்டி பின் இருக்கு. கார்டுல இருக்கிறது டிவிஐ-டி, அந்த நாலு ஓட்டையே கிடையாது. 1030, 1050 எல்லாம் சேர்ந்த 10 சீரிஸ்ல இருந்து, விஜிஏ-வுக்கு வேண்டிய அனலாக் சிக்னலையே என்விடியா எடுத்துட்டாங்க. கடைசியில உள்ளே சிப் வச்ச எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வர்ட்டர் வாங்கின பிறகுதான் படம் வந்தது.

ஜிடிஏ 720பி-ல திக்காம ஓடுது. முன்னாடி பிராசஸருக்குள்ளேயே இருக்கிற உள்கிராபிக்ஸ்ல படம் படமா நகர்ந்து போகும். வீடியோ எக்ஸ்போர்ட்டுக்கு மட்டும் கார்டு கைகொடுக்கலை. 1030-ல வீடியோவைச் சுருக்கி எழுதுற என்கோடரே இல்லை, பிராசஸர்தான் அந்தப் பாரம் முழுக்க இழுக்குது. எடிட்டிங்கை மனசுல வச்சு வாங்கறவங்க இதை முன்கூட்டியே தெரிஞ்சுக்கோங்க.

நெல்லைப் பொண்ணு:

அண்ணா, நான் கார்டே வாங்கலை. எங்க வீட்டுல ஐ3-4130 பிராசஸர், எச்81 மதர்போர்டு. அம்மா சாயங்காலம் யூடியூப்ல கச்சேரி கேப்பாங்க. 1080பி வச்சா குரல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். "இந்தச் சனியனைத் தூக்கிப் போட்டுடு"ன்னு அம்மாவே சொல்லிட்டாங்க.

சரி பண்ண வந்த தம்பிதான் காரணத்தைக் கண்டுபிடிச்சார். யூடியூப் அனுப்புறது விபி9-ங்கிற சுருக்கின வீடியோ வடிவம். அதை விரிக்க எங்க பழைய சிப்புல முழுசா வசதி இல்லை, பிராசஸர் தலையில விழுது. பிரவுசர்ல எச்264இஃபை எக்ஸ்டென்ஷன் போட்டு, பழைய எச்.264 வடிவத்தையே அனுப்ப வச்சார். பைசா செலவில்லை. அப்புறம் தனியா இருந்த 4 ஜிபி ராமுக்கு ஜோடியா இன்னொரு 4 ஜிபி. உள்கிராபிக்ஸ் ராமைத்தானே கடன் வாங்கிக்குது. டிடிஆர்3-1600-ல ஒரு குச்சின்னா நொடிக்கு 12.8 ஜிபி, ரெண்டுன்னா 25.6. சின்னச் சின்ன கேம்கள்லகூட வித்தியாசம் கண்ணுக்கே தெரிஞ்சது. 700 ரூபாய்ல முடிஞ்சுது. அம்மா இப்போ ஆலாபனையை முழுசாக் கேக்கறாங்க.

ஓசூர் பழைய பெட்டி:

என் அனுபவம் வலி. அக்கா பையனுக்காக ஒரு ஆன்லைன் விற்பனையாளர்கிட்ட "1050 டிஐ 4 ஜிபி" 4,800-க்கு வாங்கினேன். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு. வந்த கார்டுல விஜிஏ போர்ட் இருந்தது. கரூர் அண்ணன் இப்போ எழுதினதை அன்னைக்குப் படிச்சிருந்தா, அந்த நீலப் போர்ட்டைப் பார்த்ததுமே பிடிச்சிருப்பேன். கேம் திறந்த ரெண்டாவது நிமிஷம் ஸ்க்ரீன் கோடு கோடாப் போய் நின்னுச்சு. உள்ளே என்ன கார்டுன்னு காட்டுற ஜிபியு-இசட் சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். பேருக்கு முன்னாடியே போலின்னு காட்டிடுச்சு. உள்ளே இருந்தது 2010-ல வந்த ஜிடிஎஸ் 450, கார்டுக்குள்ள இருக்கிற பயாஸ் மென்பொருளை மாத்தி எழுதிப் பேரை மட்டும் மாத்தியிருக்காங்க. பணம் திரும்ப வரலை. பையன் "பரவால்ல மாமா"ன்னான், எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. கையில வாங்கினதும் முதல் வேலையா ஜிபியு-இசட் ஓட்டுங்க. இலவசம், ஒரு நிமிஷ வேலை.

ஜிடி 710, 730 மலிவாக் கிடைக்குதேன்னு யோசிக்கிறவங்களுக்கும் ஒண்ணு. அதுல பெரும்பாலும் கெப்ளர்ங்கிற பழைய தலைமுறை சிப். 2021 அக்டோபரோட புது கேம் டிரைவர் நின்னுபோச்சு. 730-ல சிலது அதைவிடப் பழைய ஃபெர்மி. 710, 730 எதுவும் 1030 அளவுக்கு ஓடாது, விபி9-உம் விரிக்காது. விஜிஏ மானிட்டர்ல நேராச் சொருகலாம்ங்கிறது மட்டும்தான் அதுல நல்லது.

கரூர்க்காரன்:

ஓசூர் தம்பி, மனசு கஷ்டமா இருக்கு. பையனோட பெட்டி மாடலையும் பவர் சப்ளை ஸ்டிக்கர்ல இருக்கிற வாட்டையும் எழுதுங்க, சேர்ந்து பார்ப்போம். என் கார்டுல கழட்டின நீளப் பட்டி மேஜை டிராயர்ல சும்மாத்தான் கிடக்கு. ஒரு டிவிஐ, ஒரு எச்டிஎம்ஐ இருக்கிற 1030 யாராவது வாங்கி, பெரிய பெட்டிக்குப் பட்டி இல்லாம நின்னா சொல்லுங்க. அளவு சேர்ந்தா கூரியர்ல போட்டு விடறேன்.