பிபிஏபி (பாகத்துக்கு வாடிக்கையாளர் ஒப்புதல் வாங்கும்) ஃபைலில் ரப்பர் காம்பவுண்ட் (கலவை) ஷீட்டையும் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

ஓரகடம்_ரப்பர்:
இன்ஜின் மவுன்ட் ரப்பர் புஷ் செய்கிறோம். காம்பவுண்ட் எங்களுடையது. வாடிக்கையாளர் பிபிஏபி லெவல் 3 ஃபைலோடு மிக்ஸிங் ஷீட்டும் (எதை எவ்வளவு, எப்படிக் கலப்பது என்ற தாள்) ஐஎம்டிஎஸ் (வாகனப் பாகங்களில் உள்ள பொருட்களின் இணையத் தரவுத்தளம்) பதிவும் கேட்கிறார். ஷீட் கைமாறினால் நாளைக்கே வேறு வெண்டரிடம் போய்விடும். பேட்டன்ட் எடுத்துவிடலாமா?

குவாலிட்டி_மணி:
ஷீட்டைக் கொடுக்காதீங்க. லெவல் 3-ல் ஆவணம் முழுக்க அவர்கள் கைக்குப் போகும். லெவல் 5 கேளுங்கள். ஆவணம் உங்கள் ஆலையிலேயே இருக்கும், அவர்கள் ஆள் வந்து பார்ப்பார். மறுத்தால், கன்ட்ரோல் பிளானில் (தயாரிப்பில் எதை எப்படிச் சோதிப்பது என்ற ஆவணம்) மிக்ஸிங் வரியில் உங்கள் உள் ஆவண எண்ணை மட்டும் போட்டு, மூனி (பாகுநிலை), ரியோமீட்டர் டிஎஸ்2, டி90 (ரப்பர் வேகத் தொடங்கும் நேரம், 90% வேகும் நேரம்), ஷோர் ஏ (கடினம்), கம்ப்ரஷன் செட் (அழுத்திய பின் மீளாத அளவு) வரம்புகளைக் கொடுங்கள். பேட்ச் சீராக வருகிறதா என்பதற்கு அது போதும்.

ஐஎம்டிஎஸ் கேட்பது முடிந்த பாகத்தில் என்ன இருக்கிறது என்பதை. மிக்ஸிங் முறையை அல்ல. ஒரு மெட்டீரியலில் 10% வரை ரகசியம் என்று குறிக்கலாம். ஆனால் ஜிஏடிஎஸ்எல் (வாகனத் துறையில் தடைசெய்த அல்லது கட்டாயம் அறிவிக்க வேண்டிய பொருட்கள்) பட்டியலில் உள்ள பொருளை அதற்குள் மறைக்கவே கூடாது. பாலிமர், கார்பன் பிளாக்குக்கு அந்த 10% பத்தாது, சிறு அளவில் சேர்ப்பவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிண்டி_ஐபி:
இதற்குப் பேட்டன்ட் வேண்டாம் என்பதே என் கருத்து. விண்ணப்பம் 18 மாதம் கழித்து எல்லோருக்கும் வெளியாகும். அப்புறம் இன்னொருவரின் மிக்ஸருக்குள் நடப்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். புஷ்ஷை வாங்கி எஃப்டிஐஆர், டிஜிஏ ஆய்வகச் சோதனைகள் போட்டாலே பாலிமர் வகையும் கார்பன் பிளாக் அளவும் தெரிந்துவிடும். தெரியாதது எதை எப்போது போடுகிறீர்கள், எந்தச் சூட்டில் மிக்ஸரிலிருந்து டம்ப் செய்கிறீர்கள் (கொட்டுகிறீர்கள்) என்பது. காக்க வேண்டியது அதைத்தான்.

வணிக ரகசியத்துக்கு இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 2024-ல் சட்ட ஆணையத்தின் 289-வது அறிக்கை ஒன்றைப் பரிந்துரைத்தது, அவ்வளவுதான். ஆகவே ஒப்பந்தம்தான் பிடி. என்டிஏ-வில் (ரகசியக் காப்பு ஒப்பந்தம்) "எல்லாத் தகவலும்" என்று எழுதினால் கோர்ட்டில் எது ரகசியம் என்று காட்ட முடியாது. ஆவண எண், பதிப்பு, தேதி போடுங்கள். ஃபைல் போவதற்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள்.

ஓரகடம்_ரப்பர்:
நன்றி சார். மிக்ஸிங் ஆபரேட்டர் போட்டிக் கம்பெனிக்குப் போனால்?

கிண்டி_ஐபி:
வேலைக்குப் போவதைத் தடுக்க முடியாது. 1872 ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவுப்படி போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனை செல்லாது. ரகசியம் காக்கும் நிபந்தனையைத் தனியாக எழுதி வாங்குங்கள்.

மிக்ஸர்_ரூம்:
ஆபரேட்டருக்கே ஃபார்முலா தெரியாமல் செய்யலாம். சல்ஃபர், ஆக்சிலரேட்டரை (ரப்பர் சீக்கிரம் வேகச் சேர்ப்பது) தனி அறையில் எடைபோட்டு, குறைந்த சூட்டில் உருகும் ஈவிஏ பிளாஸ்டிக் பையில் கட்டி, கோட் எண் மட்டும் ஒட்டுங்கள். பையோடு மிக்ஸரில் போடலாம். பை உருகும் சூடு கடைசி மிக்ஸிங் சூட்டைவிடக் குறைவாக இருக்கணும், இல்லாவிட்டால் ரப்பரில் பிளாஸ்டிக் துணுக்கு நிற்கும். கோட் ஒட்டினாலும் ஆபத்துக் குறியீட்டை மறைக்காதீர்கள், பாதுகாப்புத் தாள் ஆபரேட்டர் கைக்கு எட்டணும்.