மறு: கிரேனியோபிளாஸ்டிக்குத் தமிழ் – ‘முன்பட்டம்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். கிரேனியோபிளாஸ்டி என்பது, மண்டை எலும்பை வெட்டியெடுத்த இடத்தைப் பிறகு மூடும் அறுவை. அதற்கும், அதைச் செய்யும் காலங்களுக்கும் தமிழ்ச் சொல் தேடுகிறோம். ஒருவர் எழுதியிருந்தார்:

> ‘கபாலச் சீரமைப்பு’ என்றே வைத்துவிடலாம். ‘ஆரம்பகால’, ‘தாமத’ என்று இரண்டாகப் பிரித்தால் போதும்.

மூன்று சொல்லுமே எனக்கு உறுத்துகிறது. நோயாளிகளுக்குத் தரும் விளக்கத் தாள்களைத் தமிழில் எழுதுவது என் வேலை. அந்த இடத்திலிருந்து பேசுகிறேன்.

விபத்தில் அடிபட்டு மூளை வீங்கினால், அழுத்தம் குறைய மண்டை எலும்பின் ஒரு பக்கத்தை உள்ளங்கையைவிடப் பெரிதாக வெட்டியெடுத்துவிடுகிறார்கள். வெளியே உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் போய்க் ‘கபாலம்’ என்றால் அவர் காதில் கபால மோட்சம்தான் விழும். வார்டில் எல்லோரும் சொல்வது ‘எலும்பு’. தலைக்கட்டின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, ‘இந்தப் பக்கம் எலும்பு இல்லை’ என்று பேனாவால் எழுதியிருப்பார்கள், யாரும் கைவைத்து அழுத்திவிடக் கூடாதென்று. எடுத்த எலும்பைச் சில இடங்களில் −80 டிகிரி உறைபெட்டியில் வைப்பார்கள். அது இல்லாத இடங்களில் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியிலேயே வைத்துத் தைத்துவிடுவார்கள். ஒரு அம்மா கணவரின் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டி, “இங்கதான் சார் இருக்கு. எப்ப மேல ஏத்துவீங்க?” என்று கேட்டார். அந்த ‘எப்ப’வுக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

‘ஆரம்பகாலம்’ என்றால் ஆரம்பகாலப் புற்றுநோய் மாதிரி நோயின் தொடக்கநிலை என்று படும். இங்கே கணக்கே வேறு: எலும்பை எடுத்த நாளிலிருந்து எத்தனை வாரம் என்பது. ‘தாமதம்’ இன்னும் மோசம். தமிழில் தாமதம் என்றாலே யாரோ தப்பு செய்திருக்கிறார்கள். காயத்தில் சீழ் இருந்ததால் ஆறு மாதம் பொறுத்த மருத்துவர் சரியாகத்தான் செய்திருப்பார். சுருக்க அறிக்கையில் ‘தாமத அறுவை’ என்று போட்டால், மறுநாளே மைத்துனர் சண்டைக்கு வருவார்.

சரி, மாற்று? உழவில் விதைக்கும் பருவத்தை முன்பட்டம், பின்பட்டம் என்கிறோமே, அதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. பின்பட்டத்தில் விதைத்தவனை யாரும் குற்றவாளி என்பதில்லை, மழை அப்படி. பட்டம் வெறும் தேதியும் அல்ல, ஈரம் பார்த்து இறங்குவது. மருத்துவர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள். வீக்கம் வடிந்ததா, தலைத்தோல் ஆறியதா, கிருமித்தொற்று இல்லையா, மூளைநீர் தேங்கியிருக்கிறதா என்று. வீக்கம் வடியுமுன் போனால் எலும்பு உட்காராது. ரொம்பப் பிந்தினால் தோல் சுருங்கி உள்ளே ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுப்பது கடினம். வயிற்றில் வைத்த எலும்பும் நாளாக ஆகக் கரையும். பொருத்திய பிறகும் கரைவதுண்டு, குழந்தைகளுக்கு அது அதிகம்.

2018இல் கூடிய பன்னாட்டு மருத்துவர் குழு நான்காகப் பிரித்தது: 6 வாரத்துக்குள், 6 வாரம் முதல் 3 மாதம், 3 முதல் 6 மாதம், அதற்குமேல். நான் வைப்பது முந்துபட்டம், முன்பட்டம், நடுப்பட்டம், பின்பட்டம். முதல் இரண்டும் காதில் ஒன்றுபோலக் கேட்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். வேறு யாராவது சொல்லுங்கள்.

> பட்டம் என்றால் காற்றாடியும் பி.ஏ.வும் அல்லவா நினைவுக்கு வரும்?

வரட்டும். ‘கண்’ணுக்கு எத்தனை பொருள்! ‘முன்’ சேர்ந்தால் பி.ஏ. ஓடிவிடும்.

அப்புறம் அறுவையின் பெயர். ‘எலும்பு மீள்பொருத்தல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகுதான், ஆனால் எல்லா நேரமும் அதே எலும்பு திரும்புவதில்லை. டைட்டானியம் வலை, எலும்புச் சிமென்ட், அளவெடுத்து வார்த்த பிளாஸ்டிக் தகடு எல்லாம் வருகின்றன. ‘மூடல்’ என்றால் தோல் தைப்பதோடு குழம்பும். ‘அடைப்பு’ வேண்டவே வேண்டாம், மாரடைப்புக்குப் போய்விடும். என் வாக்கு ‘மண்டை வேய்வு’க்கு. ஓலையானாலும் ஓடானாலும் தகரமானாலும் கூரை வேய்கிறோம். எதைக் கொண்டு என்பதைச் சொல் கட்டுப்படுத்தவில்லை. மண்டையில் ஏற்கெனவே ‘ஓடு’ வேறு இருக்கிறது! ‘முன்பட்ட வேய்வு’, ‘பின்பட்ட வேய்வு’ என்று சேர்ந்தும் வரும். விளக்கத் தாளில் மட்டும் பக்கத்திலேயே ‘எலும்பு வைக்கும் ஆபரேஷன்’ என்று எழுதுவேன், அதில் வெட்கமில்லை.

(சித்தர் தேரையர், திறந்த மண்டைக்குள் இருந்த தேரையைக் குதிக்க வைத்த கதையை யாராவது கொண்டுவருவீர்கள். நல்ல கதை. திறந்த மண்டையை எந்த வாரத்தில் மூடினார்கள் என்று அதில் இல்லை.)

இன்னும் ஒன்று மிச்சம். எலும்பில்லாத இடத்தில் தோல் உள்வாங்கி, சிலருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, கைகால் தளர்ச்சி எல்லாம் வரும். உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். எலும்பு வைத்ததும் தெளிகிறவர்களும் உண்டு. 1939இல் கிராண்ட், நார்கிராஸ் என்ற மருத்துவர்கள் இருவரும் இதை ‘துளையிடப்பட்டவரின் நோய்க்குறித்தொகுப்பு’ என்ற பொருளில் எழுதினார்கள். முன்பட்டத்துக்கு அவசரப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வார்டில் இதைக் ‘குழி விழுந்திருக்கு’ என்கிறார்கள். ‘மண்டைக்குழிவு’ என்று எழுதிப் பார்த்தேன். பிறவியிலேயே உள்ள பள்ளம் போலத் தொனிக்கிறது. ‘குழிவிழல்’ எப்படி?