யூனியன் கோர்ஸ்: "முதல் மண் தடம்" என்ற பெயர் அதற்குச் சேருமா?

குளம்படி:
அமெரிக்காவின் முதல் மண் ரேஸ் தடம் யூனியன் கோர்ஸ்தான் என்பது என் கட்சி. இருந்த இடம் லாங் ஐலண்ட், இன்றைய உட்ஹேவன் பக்கம். நியூயார்க் மாநிலம் 1802இல் குதிரைப் பந்தயத்துக்குத் தடை போட்டது. 1821இல் குயின்ஸ் கவுண்டிக்கு மட்டும் விலக்கு கிடைத்தது, அதே வருஷம் தடமும் திறந்தாயிற்று. இங்கிலாந்து மாதிரி புல்லை வளர்க்காமல், இருந்த புல்லையும் செதுக்கி எடுத்துவிட்டு வெறும் மண்ணில் ஓடவிட்டார்கள். "தோலுரித்த தடம்" என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னது இதைத்தான். 1823 மே 27 அன்று அமெரிக்கன் எக்லிப்ஸ், சர் ஹென்றி என்ற இரண்டு குதிரைகளும் பக்கத்துக்கு 20,000 டாலர் பந்தயத்தில் மோதியது இந்த மண்ணில்தான். இதற்கு முந்திய தடம் ஒன்றை யாராவது காட்ட முடியுமா?

செம்மண்:
தாராளமாகக் காட்டலாம். கென்டக்கியில் வில்லியம் விட்லி என்பவர் 1780களிலேயே தன் வீட்டருகே ஸ்போர்ட்ஸ்மேன்ஸ் ஹில் என்ற இடத்தில் களிமண் தடம் போட்டுவிட்டார். புல்லும் இங்கிலாந்து வழக்கம், வலஞ்சுழி ஓட்டமும் இங்கிலாந்து வழக்கம் என்று இரண்டையும் தள்ளி, குதிரைகளை இடஞ்சுழியாக ஓடவிட்டார் என்பது வரலாறு. யூனியன் கோர்ஸுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் முந்தியது இது. நியூயார்க்கில் நடந்தது என்பதற்காகவே முதலிடம் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

கடிவாளம்:
செம்மண், திசை பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் பெரிய பந்தயமான டெர்பி நடக்கும் எப்சமே இடஞ்சுழித் தடம். அதனால் "இங்கிலாந்துக்கு எதிராகத் திருப்பினார்" என்பதை வைத்து ரொம்ப தூரம் போக முடியாது. களிமண் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம்.

குளம்படி:
விட்லியை நான் மறுக்கவில்லை. ஆனால் முந்தியது என்று மட்டும் பார்த்தால் 1665க்கே போகவேண்டி வரும். கவர்னர் ரிச்சர்ட் நிக்கல்ஸ் ஹெம்ப்ஸ்டெட் சமவெளியில் நியூமார்க்கெட் என்ற பெயரில் தடம் போட்டார். அது புல்தரை. அதோடு, அமெரிக்காவில் இறங்கிய முதல் தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் குதிரை இனம்) என்று சொல்லப்படும் புல் ராக் என்ற குதிரை வர்ஜீனியாவுக்கு வந்ததே 1730இல். அப்படியானால் 1665இல் அங்கே ஓடியது தரோபிரெட் இல்லை. தடம், இனம், குதிரை சுமந்த எடை, நேரம் நான்கும் எழுத்தில் பதிவாகி, நாடே கவனித்த மண் தடம் என்று கேட்டால் பதில் யூனியன் கோர்ஸ்தான்.

கடிவாளம்:
அந்தப் பதிவையே எடுத்துக்கொள்வோம். மண்ணால்தான் வேகம் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள், நான் அதை ஒத்துக்கொள்ளமாட்டேன். 1823 பந்தயம் ஹீட் எனப்படும் தனித்தனி ஓட்டங்களாக நடந்தது, இரண்டு ஹீட் ஜெயித்த குதிரைக்கு வெற்றி. ஒவ்வொரு ஹீட்டும் நான்கு மைல், நடுவே அரை மணி ஓய்வு. முதல் ஹீட் ஹென்றிக்கு, 7 நிமிடம் 37½ விநாடி. இரண்டாவது எக்லிப்ஸுக்கு, 7:49. மூன்றாவதும் எக்லிப்ஸுக்கு, 8:24. ஒரே நாள், ஒரே மண், வித்தியாசம் 46½ விநாடி! இதில் மண்ணின் பங்கு எது, களைப்பின் பங்கு எது என்று யார் பிரிப்பது? எக்லிப்ஸுக்கு ஒன்பது வயது, சுமந்தது 126 பவுண்டு. ஹென்றிக்கு நான்கு வயது, 108 பவுண்டு. இரண்டுமே 1780இல் முதல் டெர்பியை ஜெயித்த டயமெடின் பேரன்கள். பன்னிரண்டு மைல் தாங்கிய அந்த நெஞ்சுரம் ரத்தத்தில் வந்தது.

செம்மண்:
வேகத்தை விடுங்கள். மண் ஏன் தேவைப்பட்டது என்பதை யாருமே கேட்கவில்லை. இங்கிலாந்து நியூமார்க்கெட்டில் பீக்கன் கோர்ஸ் நான்கு மைலுக்கும் சற்று மேல் நீளம். அங்கே ஒரு ஹீட்டில் ஓர் இடத்தைக் குதிரை ஒருமுறைதான் மிதிக்கும். யூனியன் கோர்ஸ் சுற்று ஏறத்தாழ ஒரு மைல்தான், நான்கு முறை சுற்றவேண்டும். ஐந்து குதிரை, மூன்று ஹீட் என்று வைத்தால் ரெயில் எனப்படும் உள்பக்க வேலி ஓரத்தில் அதே மண்ணை அறுபது முறை குதிரை கடக்கிறது, அதுவும் ஒரே பந்தயத்தில். புல் தாங்காது. வேர் அறுந்து கட்டி கட்டியாகப் பெயரும், அந்தக் குழியில் கால் இடறினால் குதிரையின் கால் தசைநாண் போய்விடும். புல் மறுபடி வேர்பிடிக்க வாரக்கணக்கில் ஆகும். மண்ணோ அன்றே சரியாகும்: ஹீட் முடிந்ததும் பலுகு (மண்ணைக் கீறி இளக்கும் பல்வைத்த கருவி) ஓட்டி இளக்கினால் போதும். கூட்டம் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஓட்டம் முழுவதையும் பார்க்கவேண்டும் என்றால் சிறிய சுற்று வேண்டும், சிறிய சுற்று என்றால் மண்தான் வழி.

குளம்படி:
இதை நான் யோசித்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மண்ணுக்கும் அதன் கஷ்டம் உண்டு. இன்றைய மண் தடத்தில் கெட்டியான அடித்தளத்துக்கு மேல் சுமார் மூன்று அங்குலம் இளகிய மண் இருக்கும். மழை வருமுன் பரம்படிக்கிற மாதிரி மேல்பரப்பை அழுத்தி மூடவேண்டும், அப்போதுதான் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரத்துக்கு வழியும். மூட மறந்தால் இளகிய மண் முழுவதும் சேறு. மூடிய தடம் இறுகிப்போவதால் குளம்பில் அதிர்ச்சி கூடும். ஈரம் காயுமுன் பலுகு ஓட்டினால் கட்டி தட்டும்.

கடிவாளம்:
சுற்று சிறியது என்றால் ரெயில் ஓரத்தின் விலையும் ஏறுகிறது. வளைவில் ஓர் அடி வெளியே ஓடினால் சுற்றுக்கு ஆறே கால் அடி கூடுதல். மூன்று அடி வெளியே நான்கு சுற்று ஓடினால் ஏறத்தாழ 75 அடி, அதாவது ஒன்பது குதிரை நீளம். 1823 பந்தயத்தின் முதல் ஹீட்டில் ஜாக்கி வில்லியம் கிராஃப்ட்ஸால் எக்லிப்ஸை ஓட்ட முடியவில்லை. அவரை இறக்கிவிட்டு, ஓய்வு பெற்றிருந்த சாமுவேல் பர்டியை ஏற்றினார்கள். இரண்டாவது ஹீட்டில் பர்டி ஹென்றியை உள்பக்கமாக முந்தினார். அந்த ஹீட்டை ஜெயித்துக் கொடுத்தது அதுதான் என்பேன்.

செம்மண்:
முந்தவேண்டிய அவசரமும் மண்ணால் வருவதுதான். பின்னால் வரும் குதிரையின் கண்ணிலும் மூக்கிலும் முன்குதிரையின் குளம்பு மண் வந்து அடிக்கும். ஆரம்பத்திலேயே முன்னுக்குப் போய்விடும் அமெரிக்கப் பழக்கம் இங்கிருந்துதான் வளர்ந்தது.

குளம்படி:
நேரத்துக்கு வருகிறேன். 1842 மே 10 அன்று அதே தடத்தில் ஃபேஷன் என்ற பெண்குதிரை பாஸ்டன் என்ற ஆண்குதிரையை நேர் இரண்டு ஹீட்டில் ஜெயித்தது, முதல் ஹீட் 7:32½. ஹென்றியைவிட ஐந்து விநாடி வேகம். இதே தடத்தில் 1845இல் ஃபேஷனைத் தோற்கடித்த பேடோனாவுக்கு 7:39¾ ஆனது. ஒரே தடம் என்பதால்தான் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பேச முடிகிறது.

கடிவாளம்:
பக்கத்தில் வைக்கலாம், எடையையும் சேர்த்து வைத்தால். ஃபேஷன் சுமந்தது 111 பவுண்டு, பாஸ்டன் 126. ஒன்பது வயதில் 126 பவுண்டோடு மூன்று ஹீட் ஓடி ஜெயித்த எக்லிப்ஸுக்குப் பக்கத்தில் 7:32½ஐ மட்டும் தனியாக எடுத்து வைக்காதீர்கள். முதல் தடம் விட்லியுடையது, பெரிய தடம் யூனியன் கோர்ஸ். என் ஓட்டு இப்படித்தான்.

குளம்படி:
"முதல்" என்பதை விட்டுக்கொடுக்கிறேன். தோலுரித்த தடம் என்ற பெயரை விடமாட்டேன்.